ஹம் தொல்லை: ஆர்சிஏ கேபிளை விட்டு பேலன்ஸ்டுக்கு மாறலாமா?

மலைக்கோட்டை:

வணக்கம். திருச்சியில் பழைய வீடு, வயரிங்குக்கும் வீட்டின் வயசுதான். ஹாலில் ஐந்து அங்குல பவர்டு மானிட்டர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். அதன் பின்னால் பேலன்ஸ்டு சாக்கெட்டுகளான எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்), டிஆர்எஸ் (நுனி, வளையம், ஸ்லீவ் என மூன்று தொடுமுனை) இரண்டும் உண்டு, ஆர்சிஏ கிடையாது. லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பியில் ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டலை ஆடியோ சிக்னலாக்கும் பெட்டி), அதில் ஆர்சிஏ அவுட் மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஒரு முனையில் ஆர்சிஏ, மறுமுனையில் கிட்டாருக்குப் போடுவார்களே அந்த 6.35 மி.மீ. மோனோ பின், இப்படி ஐந்து மீட்டர் கேபிள் இரண்டு ஓடுகிறது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகிறது, டிவிக்கு உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ்.

பிரச்சினை ஹம். பாட்டு ஓடாதபோது ‘ம்ம்ம்’ என்று ஒரே சத்தம். கச்சேரி ரெக்கார்டிங் போட்டால் தம்புராவுக்கு அடியில் இன்னொரு சுருதி ஓடுகிறது, அதுவும் சேராத சுருதி. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் அந்த ‘ம்ம்ம்’ அப்படியே ‘ஜ்ர்ர்’ ஆகிவிடுகிறது.

கடையில் கேட்டேன். பேலன்ஸ்டு அவுட் உள்ள டிஏசி ஒன்று வாங்கி எக்ஸ்எல்ஆர் கேபிள் போட்டால் ஹம்மும் போகும், சவுண்டும் ஒரு படி மேலே போகும் என்கிறார்கள். கேபிளோடு சேர்த்து 20 ஆயிரத்தைத் தொடுகிறது. நண்பன் ஒருவன் அதெல்லாம் வேண்டாம், ஸ்பீக்கர் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடு, சரியாகிவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

சால்டர்வாசம்:

முதலில் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். எர்த் பின்னை எடுத்தால் ஹம் போவது உண்மைதான், ஆனால் என்றைக்காவது ஸ்பீக்கருக்குள் இன்சுலேஷன் விட்டுப்போனால் அந்த உலோக முதுகில் 230 வோல்ட் நிற்கும், அதை வடித்துவிட வழி இருக்காது. அந்தக் கரண்ட் உங்கள் ஆர்சிஏ ஷீல்டு வழியாக டிஏசிக்கும் லேப்டாப்புக்கும் போய்ச் சேரும். ஹம்மோடு வாழலாம், இதோடு விளையாடக் கூடாது.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி வியாபாரம். ஆர்சிஏ கேபிளில் நடுக்கம்பி சிக்னலைக் கொண்டுபோகிறது, வெளியே சுற்றியிருக்கும் ஷீல்டுதான் அது திரும்பி வரும் பாதை. அதே ஷீல்டுதான் இரண்டு கருவிகளின் கிரவுண்டையும் இணைக்கிறது, சிக்கலே அங்கேதான். இரண்டு கருவிகளின் கிரவுண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும், ஷீல்டுக்கும் ஒரு தடை உண்டு என்பதால் அதன் மேல் ஒரு வோல்டேஜ் விழும், அது நேராகப் பாட்டோடு கூடிவிடும். ஷீல்டின் தடை 0.1 ஓம், ஓடுவது 1 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.1 மில்லிவோல்ட் வரும். 2 வோல்ட் சிக்னலுக்கு அது 86 டெசிபல் கீழே, காதில் விழாது. ஆனால் இரண்டு வெவ்வேறு இடத்து எர்த் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் கரண்ட் 1 மில்லிஆம்போடு நிற்காது, கசிவு பல மடங்காகும், அப்போதுதான் உங்கள் வீட்டுக் கதை.

பேலன்ஸ்டில் சிக்னலுக்கு இரண்டு கம்பி, ஷீல்டு தனி. எக்ஸ்எல்ஆரில் 1ஆம் பின் ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. சிக்னலைப் பெறும் பக்கம் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாதில்லையா, அதுதான் கணக்கு. இதில் பலர் தவறாகப் பிடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு கம்பியிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான சிக்னல் ஓட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. கிரவுண்டிலிருந்து பார்த்தால் இரண்டு கம்பிக்கும் ஒரே இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கம்பியில் சிக்னல், மற்றதில் வெறும் ரெசிஸ்டர், இப்படியும் நல்ல பேலன்ஸ்டு அவுட் வருகிறது.

சரி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஹம் எங்கிருந்து நுழைகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். அப்போதும் ஹம் வந்தால் ஸ்பீக்கர்தான் குற்றவாளி, கேபிள் பேச்சே வேண்டாம். அமைதியானால் மறுபடி போட்டு, லேப்டாப் சார்ஜரையும் எச்டிஎம்ஐயையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பாட்டு போடுங்கள். பிறகு சார்ஜர், பிறகு எச்டிஎம்ஐ என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் செருகும்போது சத்தம் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸ் பின்னால் கேபிள்காரரின் கோஆக்ஸியல் ஒயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

செவிக்கு உணவு:

இப்படிக் கணக்குப் போட்டே எல்லோரும் ஆர்சிஏவில் உட்கார்ந்திருங்கள். என் ஆம்பில் ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருக்கிறது, டிஏசியிலும் இரண்டும் இருக்கிறது. எக்ஸ்எல்ஆர் போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. பேஸ் இறுகியது, பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார், மேடையே அகலமானது. ஹம் இருக்கிறதோ இல்லையோ, சவுண்டுக்காகவே பேலன்ஸ்டு போகலாம். வீட்டுக்காரம்மாவே பக்கத்து அறையிலிருந்து ‘என்ன மாத்தினீங்க’ என்று கேட்டார், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பழைய மிக்ஸர்:

பக்கத்து அறைக்கே கேட்டது என்றால் சத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம் ஐயா. கேலி இல்லை, விஷயமே அதுதான். வீட்டு டிஏசிகளில் ஆர்சிஏ அவுட் பெரும்பாலும் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் அவுட் 4 வோல்ட். அது 6 டெசிபல் வித்தியாசம், சில ஆம்ப்கள் உள்ளே அதைச் சமன் செய்துகொள்ளும், பல செய்யாது. ஒரே பாட்டை ஒன்று இரண்டு டெசிபல் தூக்கி வைத்தாலே காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். பேஸ் இறுகியதாகத் தெரியும், பாடகர் முன்னால் வருவார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 400 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓடவிட்டு, சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளந்துகொள்ளுங்கள். ஆர்சிஏவில் ஒரு அளவு வரும். எக்ஸ்எல்ஆருக்கு மாற்றி, மீட்டரில் அதே அளவு வரும்வரை வால்யூமைக் குறையுங்கள். மீட்டர் தலைகால் புரியாமல் காட்டும் என்பதால் டோனை 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், மலிவு மீட்டர்கள் அங்கே நம்பத்தக்கவை அல்ல. அப்புறம் வீட்டுக்காரம்மாவை மாற்றிவிடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் தெரிந்தால் நான் உங்கள் கட்சி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில டிஏசிகளில் சிப்பே இரண்டு கம்பியில்தான் சிக்னலைக் கொடுக்கிறது, ஆர்சிஏவுக்காக அதை ஒன்றாக்க இன்னொரு ஆப்ஆம்ப் (பெருக்கிச் சிப்) கட்டம் போடுகிறார்கள். அப்படிப்பட்ட கருவியில் எக்ஸ்எல்ஆர் அளவீடு உண்மையிலேயே கொஞ்சம் சுத்தமாக வரும். அதே சமயம், பின்னால் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருந்தும் உள்ளே நுழைந்ததும் ஒற்றைச் சிக்னலாக்கிவிடும் ஆம்ப்களும் ஏராளம். சாக்கெட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

நீள ஆர்சிஏ போட்டால் ஹைஸ் (மேல் சுரங்கள்) மங்கிவிடும் என்று ஒரு பயம் சுற்றுகிறது, அதையும் பார்த்துவிடலாம். கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட், ஐந்து மீட்டருக்கு 500. டிஏசியின் அவுட்புட் இம்பிடன்ஸ் 100 ஓம் என்றால் 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் சிக்னல் விழ ஆரம்பிக்கும். வௌவாலுக்கே கவலை இல்லை.

நான் சபா, கல்யாண மண்டபம் என்று மேடை வேலை பார்த்தவன். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், மிக்ஸர் நிற்பது 30 மீட்டர் தள்ளி, நடுவே சீரியல் லைட் ஒயரும் ஜெனரேட்டர் ஒயரும் கிடக்கும். அங்கே பேலன்ஸ்டு இல்லாமல் மூச்சுவிட முடியாது. இந்த யோசனையே ஆடியோக்காரர்களுடையது அல்ல, டெலிஃபோன்காரர்களுடையது. ஆரம்பத்தில் ஒற்றைக் கம்பி, திரும்பும் பாதைக்குப் பூமி என்றுதான் லைன் இழுத்தார்கள், ஊரில் உள்ள எல்லா மின்சார இரைச்சலும் அதில் ஏறியது. இரண்டு கம்பியை முறுக்கி இழுக்கும் முறைக்குக் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கினார். இப்போது வீட்டில் டேபிள் மேல் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு டிஏசியும் ஆம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஹம்மும் இல்லையென்றால், ஆர்சிஏவே ஏகப்பட்டது.

மலைக்கோட்டை:

சார், சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிள் இல்லாமல் ஸ்பீக்கரில் ஹம் சுத்தமாக இல்லை. பேட்டரியில் ஓட்டினால் ஹம் இல்லை. சார்ஜர் போட்டால் மிக லேசாக வருகிறது, ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் தெரியும். அது இரண்டு பின் சார்ஜர், லேப்டாப்பின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவினால் சுரசுரவென்று லேசாக ஷாக் அடிக்கிற மாதிரியும் இருக்கும், ரொம்ப நாளாகவே அப்படித்தான். எச்டிஎம்ஐ செருகியதும் ‘ம்ம்ம்’ முழுசாக வந்துவிட்டது. எச்டிஎம்ஐயை அப்படியே விட்டுவிட்டு கேபிள்காரர் ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகி எடுத்தேன், பட்டென்று நின்றது. ஒயரின் வெளிப்பின்னலை பாக்ஸ் உலோகத்தில் சும்மா தொட வைத்தாலே ஹம் திரும்பி வருகிறது, அவ்வளவு துல்லியமாக.

அப்படியானால் 20 ஆயிரம் செலவு தேவையில்லையா? இன்வெர்ட்டரில் ‘ஜ்ர்ர்’ வருவது வேறு கதையா?

சால்டர்வாசம்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கேபிள்காரரின் ஒயர் தெருவில் எத்தனை கம்பத்தையும் எத்தனை வீட்டையும் தொட்டு வருகிறதோ, அதன் வெளிப்பின்னலில் உள்ள கிரவுண்டு வேறு, உங்கள் வீட்டு எர்த் வேறு. அங்கிருந்து கரண்ட் செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி, எச்டிஎம்ஐ, லேப்டாப், யுஎஸ்பி, டிஏசி, கடைசியில் உங்கள் ஆர்சிஏ ஷீல்டு வழியாக ஸ்பீக்கரின் எர்த் பின்னில் இறங்குகிறது. வழியில் இருப்பவர்களில் ஆடியோ ஷீல்டு மட்டும்தான் வாய்விட்டுக் கத்தும்.

சார்ஜர் விஷயம் சாதாரணம். அதற்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு குட்டிக் கெபாசிட்டர் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே இருக்கும், எர்த் இல்லாததால் அந்தக் கசிவுதான் உங்கள் புறங்கையைச் சுரண்டுகிறது. இன்வெர்ட்டர் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸோடு அதன் மடங்குகள் வரிசையாக வரும், கெபாசிட்டர் அதிர்வெண் ஏற ஏற அதிகமாக விடும், அதனால் ‘ம்ம்ம்’ ‘ஜ்ர்ர்’ ஆகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது ரொம்பக் குறையும். வட்டமாகத் திருகும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இப்படித்தான் கிர்ரென்று கத்தும், படிப்படியாக மாறும் கெபாசிட்டர் ரெகுலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. கேபிள் ஒயர் செட்டாப் பாக்ஸில் நுழையும் இடத்தில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் போடலாம். டிவி சிக்னலை விடும், 50 ஹெர்ட்ஸை விடாது. உங்களுடையது கேபிள் கனெக்‌ஷன் என்பதால் இது நடக்கும். மொட்டை மாடியில் டிஷ் வைத்தவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம், டிஷ் தலையில் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி அதே ஒயரில்தான் ஏறுகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும், படமே வராது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் ஸ்பீக்கரில் ஏற்கெனவே பேலன்ஸ்டு இன்புட் இருக்கிறது, நீங்கள் போட்டிருக்கும் மோனோ பின்தான் அதைச் சாகடிக்கிறது. மோனோ பின்னை டிஆர்எஸ் சாக்கெட்டில் செருகினால் நடு வளையமும் ஸ்லீவும் ஒன்றாக ஷார்ட் ஆகிவிடும், பேலன்ஸ்டு இன்புட் ஆர்சிஏ இன்புட் ஆகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு கோர் ஷீல்டு ஒயர் வாங்குங்கள், மைக் கேபிள் என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். சென்னைக்கு யாராவது போனால் ரிச்சி தெருவில் ஒயரும் பின்னும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆர்சிஏ நடுமுனையிலிருந்து ஒரு கோர் டிஆர்எஸ் நுனிக்கு. ஆர்சிஏ வெளிவளையத்திலிருந்து இரண்டாவது கோர் டிஆர்எஸ் நடு வளையத்துக்கு. ஷீல்டு ஸ்பீக்கர் பக்கம் ஸ்லீவில், டிஏசி பக்கம் அதே ஆர்சிஏ வெளிவளையத்தில். அவ்வளவுதான். இப்போது கிரவுண்டு கரண்ட் ஷீல்டில் தன் பாட்டுக்கு ஓடும், ஸ்பீக்கர் பார்ப்பது இரண்டு கோருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும். டிஏசி பக்கம் இம்பிடன்ஸ் சமமாக இல்லாததால் முழு பேலன்ஸ்டு அளவுக்கு வராது, ஆனால் ஹம்மில் பெரும்பகுதி காணாமல் போகும். ஸ்பீக்கருக்கு 2 வோல்ட் போதும், மேடைக் கருவிகளின் வழக்கமான அளவே 1.23 வோல்ட்தான்.

டிஏசி பக்கம் ஷீல்டைத் துண்டித்துவிடு என்று சிலர் சொல்வார்கள். உங்கள் இடத்தில் வேண்டாம். சார்ஜர் கசிவு எர்த்துக்கு இறங்க வழி ஷீல்டுதான், அதை அறுத்தால் அந்தக் கசிவு டிஆர்எஸ் வளையத்துக்குப் போகும் கோருக்குள் புகுந்துகொள்ளும்.

சால்டர் வைக்கும்போது ஷீல்டு பின்னலை முறுக்கி ஈயம் ஏற்றிவிட்டு அப்புறம் பின்னில் ஒட்டுங்கள், ஒரு இழை தெறித்து நுனியைத் தொட்டாலும் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் ஊமை. பின்னின் மூடியைச் சால்டர் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோர்த்துவிடுங்கள்.

செவிக்கு உணவு:

மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் ஆம்பில் 5.8 டெசிபல் வித்தியாசம் இருந்தது. சமன் செய்து கேட்டதில் ஆறு பாட்டில் எது எக்ஸ்எல்ஆர் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வீட்டுக்காரம்மா சிரிக்கிறார். ஆனாலும் எக்ஸ்எல்ஆர் டக்கென்று பூட்டிக்கொள்ளும் அந்தப் பிடிப்புக்காகவே அதைக் கழற்றப் போவதில்லை.

பழைய மிக்ஸர்:

அது நியாயமான காரணம். ஆர்சிஏ பின்னில் இன்னொரு வில்லங்கம், செருகும்போது நடுமுனைதான் முதலில் தொடும், கிரவுண்டு பிறகுதான் சேரும். ஆம்ப் ஓடும்போது மாற்றினால் ‘பட்’ என்று ஸ்பீக்கரைக் குத்தும்.

ஆனால் எக்ஸ்எல்ஆர் இருந்தாலே ஹம் வராது என்று யாரும் எண்ண வேண்டாம். 1ஆம் பின்னைக் கருவியின் உலோக உடம்பில் சேர்க்காமல் உள்ளே சர்க்யூட் போர்டு கிரவுண்டில் சேர்த்துவிட்டால், ஷீல்டில் வரும் குப்பை முழுக்க ஆம்புக்குள்ளேயே கொட்டும். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1995இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் ‘பின் 1 பிரச்சினை’ என்ற பெயரே பிரபலமானது. விலை உயர்ந்த கருவிகளிலும் பார்த்திருக்கிறேன்.

ஊசிமுனை:

நடுவே ஒரு கேள்வி. டர்ன்டேபிளுக்கும் இதே கணக்கா? எம்எம் (நகரும் காந்தம்) கார்ட்ரிட்ஜ், அதன் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பாக்ஸ் அலமாரியில் நாலு மீட்டர் தள்ளி இருக்கிறது, நீளமான ஆர்சிஏ போடலாமா?

சால்டர்வாசம்:

போடாதீர்கள், இங்கே மேலே சொன்ன கெபாசிட்டன்ஸ் கணக்கு தலைகீழ். எம்எம் காயில் இம்பிடன்ஸ் அதிகம், வருவதோ 5 மில்லிவோல்ட் அளவில். பல எம்எம் கார்ட்ரிட்ஜுகள் கேபிளும் ஃபோனோ இன்புட்டும் சேர்ந்து 100லிருந்து 200 பிகோஃபாரட்தான் கேட்கும், நாலு மீட்டர் ஒயரே அதைத் தாண்டிவிடும், மேல் சுரங்களின் வண்ணம் மாறிவிடும். ஃபோனோ பாக்ஸைப் பிளேயர் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து லைன் சிக்னலை நீளமாக இழுங்கள். வேடிக்கை என்னவென்றால் கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு முனை, எதுவும் கிரவுண்டில் இல்லை, பிறவியிலேயே அது பேலன்ஸ்டு. நாம்தான் ஆர்சிஏ மாட்டி ஒற்றையாக்கி, அப்புறம் ஹம் வருகிறதே என்று தனியாக எர்த் ஒயர் இழுக்கிறோம்.

மலைக்கோட்டை:

கேபிள் செய்தாகிவிட்டது. ஒயரும் நாலு பின்னும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. கோஆக்ஸியல் ஒயர் மாட்டியபடியே இருக்கிறது, உட்காரும் இடத்தில் ஹம் கேட்கவில்லை, இன்வெர்ட்டரிலும் ‘ஜ்ர்ர்’ காதை ஒட்டினால்தான். ஐசொலேட்டர் பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஹம் போன பிறகு ராத்திரியில் ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ கேட்கிறது, இது முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. இதற்கும் கேபிள்தானா?

பழைய மிக்ஸர்:

கேபிளைக் கழற்றிப் பாருங்கள் தம்பி. அப்போதும் இருந்தால் அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்பின் சொந்த மூச்சு, மேல் சுரங்களுக்கான ட்வீட்டரில்தான் தெரியும். பின்னால் இன்புட் லெவல் சுவிட்ச் இருந்தால் அது -10இல் (வீட்டுக் கருவி அளவு) இருக்கிறதா +4இல் (மேடைக் கருவி அளவு) இருக்கிறதா என்று பாருங்கள். -10இல் இருந்தால் +4க்குத் தள்ளிவிட்டு, விட்டுப்போன சத்தத்தை டிஏசி பக்கம் ஏற்றிக்கொள்ளுங்கள்.